கல்முனையில் கப்டன் சாகவில்லை

15 ஆகஸ்ட் 1980
பெருநாள் பலகாரம் இன்னும் தீரவில்லை; மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது. ஓர் ஆங்கில ஓரங்க நாடகம். பன்னிரண்டு வருடம் கடலில் தொலைந்துபோன கப்டன் வீடு திரும்புகிறான். மனைவிக்கு அவனைத் தெரியவில்லை. வாசலிலேயே நெஞ்சுடைந்து சாகிறான். பல்கலைக்கழகத்தில் வருடா வருடம் நான் படிப்பிக்கும் நாடகம்.

மனைவி நதீராவுக்குத் திருப்தியில்லை. "பேராசிரியர் பதவிக்குக் கட்டுரை எழுதப்போற எண்டுதானே லீவில வந்தீங்க?"

ஓம், அப்படித்தான் அவளிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பு ஆராய்ச்சியாகாது என்று துறைத்தலைவரும் சொல்லியிருக்கிறார். விட முடியவில்லையே, என்ன செய்ய?

22 ஆகஸ்ட்
நாடகத்தை ஊர் மண்டபத்தில் போடுவதென்று முடிவு; இன்று ஒத்திகை. கப்டனாகப் புடவைக்கடை ஆதம்பாவா. இந்த ஊரில் அவரைவிடப் பெரிய குரல் கிடையாது. மனைவியாக மெதடிஸ்த பள்ளி ஆசிரியை செலீனா. ஆதம்பாவா செத்து விழும் அழகில் என் கண் கலங்கியது.

"சேர், இன்னொருக்கா மௌத்தாகிக் காட்டவா?" என்று கேட்டார்.

29 ஆகஸ்ட்
நாளைக்கு நாடகம். கதிரைகளை இரண்டு தரம் எண்ணிவிட்டேன்.

30 ஆகஸ்ட்
நடந்ததை இப்போது எழுத முடியாது.

31 ஆகஸ்ட்
எழுதித்தான் ஆகவேண்டும்.

மண்டபம் நிறைந்த சனம். கடைசிக் கட்டம் வரை ஒருவர்கூட இருமவில்லை. செலீனா மூன்றாவது தடவையாக, "ஐயா, தாங்கள் யார்?" என்று கேட்கிறார். ஆதம்பாவா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறார். அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"அடியே புள்ள, மனிசன் பசியில விழப்போறான்! முதல்ல சோத்தப் போடு, பொறகு விசாரி!"

என் மாமி. நதீராவைப் பெற்ற ஆயிஷா உம்மா. வேறு யார்?

மண்டபமே குலுங்கியது. "சோத்தப் போடு! சோத்தப் போடு!" செலீனா திகைத்து நின்றார். பிறகு விறுவிறென்று திரைக்குப் பின்னால் வந்து, நடிகர்களுக்கென்று நதீரா சமைத்து அனுப்பியிருந்த சோற்றையும் இறைச்சிக் கறியையும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார். நான் மறைவில் நின்று கையைக் காட்டினேன் — சாகுங்க, சாகுங்க! ஆதம்பாவா என்னைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். பிஸ்மி சொல்லிச் சாப்பிட உட்கார்ந்தார்.

இரண்டாம் கவளத்தில் செலீனா அலறினார்: "இப்பிடிப் பிசைஞ்சு தின்னுற ஆள் உலகத்தில ஒராள்தானே!"

கண்டுபிடித்துவிட்டாராம். நான் எழுதாத வசனம். பெண்கள் பக்கத்தில் அழுகை. ஆண்கள் பக்கத்தில் கைதட்டல். நான் திரையை இழுக்கச் சொன்னேன்.

1 செப்டெம்பர்
மாமியுடன் கதைக்கவில்லை. மாமி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

3 செப்டெம்பர்
சந்தையில் யாரோ ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடசிக் கட்டத்த எப்பிடி சேர் யோசிச்சீங்க? ஊட்ட போயும் அழுதன்."

நானா யோசித்தேன்? ஆனால் — இதை இங்கேதான் எழுதலாம் — ஆதம்பாவா முதற்கவளத்தை வாயில் வைத்தபோது நானும் அழுதேன். வகுப்பில் இப்படி ஒருநாளும் அழுததில்லை.

14 செப்டெம்பர்
நான் நடத்தும் சஞ்சிகையில் நாடகம் வரவேண்டும். எந்த முடிவைப் போடுவது? மூல ஆசிரியனுக்குத் துரோகம் செய்யலாமா? ஊருக்குச் செய்யலாமா?

செலீனா இலேசாகச் சொன்னார். "ரெண்டையும் போடுங்க சேர். வாசிக்கிற ஆக்கள் பார்த்துக்கொள்ளட்டும்."

போடுகிறேன். இரண்டாவது முடிவுக்கு அவர் பெயர்.

17 செப்டெம்பர்
அங்கே வாசலில் சாகிறவன் இங்கே ஏன் சாகமுடியாது? ஒரு சமூகம் நாடகத்தை எப்படித் தன் வீட்டுக்குள் கூப்பிடுகிறது? அட, இதுதானே என் கட்டுரை! விடியற்காலையில் தொடங்கியவன் நண்பகல் ளுஹருக்குப் பாங்கு சொல்லும்வரை எழும்பவில்லை. மாமி தேநீர் கொண்டுவந்து வைத்தார். நன்றாகக் கதைத்தேன்.

2 பெப்ரவரி 1982
பேராசிரியர் பதவிக்கு நேர்முகம். கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்திருந்ததால் கொஞ்சம் தைரியம். குழுவில் மிகக் கடுமையானவர் ஒரு மணித்தியாலமாக வாயே திறக்கவில்லை. கடைசியில் என் விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டு, "அது என்ன கறி?" என்றார்.

"மாட்டிறைச்சி, சேர்."

எல்லோரும் சிரித்தார்கள். சரி, போச்சு என்று பஸ் ஏறினேன்.

27 பெப்ரவரி
கிடைத்துவிட்டது. பேராசிரியர்! நதீரா கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு என் சட்டைக் கொலரைச் சரிசெய்தாள்.

11 ஏப்ரல்
ஆதம்பாவா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். செலீனாவும் அவரும் சேர்ந்து ஒரு நாடகம் எழுதியிருக்கிறார்கள். நாவிதன்வெளி வயலில் இரண்டு குடும்பம் தண்ணீருக்கு அடிபடுகிற கதை. கடைசியில் யாரும் சமாதானமாகவில்லை. "இங்கிலீசுல போட்டுத் தாங்க" என்றார்.

தொடங்கிவிட்டேன். ஆதம்பாவா எதிரில் உட்கார்ந்து, என் பேனை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டு மட்டும் சேர். முடிவ மாத்திப் போடாதீங்க."