சம நீளத்தில் இரண்டு மதங்கள்

செப்டம்பர் 1, திங்கள்

பள்ளிக் கலைக்களஞ்சியத்தில் என் பங்குக்கு வந்த பக்கம்: "இஸ்லாமும் கிறிஸ்தவமும் – ஓர் ஒப்பீடு." அட்டவணையாக இரண்டு பத்தி, பதினெட்டு வரிசை. ஆயிரத்து நானூறு ஆண்டு வாக்குவாதத்தை முடித்துவைக்க அலுவலகம் கொடுத்திருப்பது நான்கு வாரம்.

"ரெண்டு பக்கமும் சம நீளமா இருக்கணும்மா. ஒண்ணு நீண்டா அந்தப் பக்கம் சாஞ்சுட்டோம்னு கடிதம் வரும்" என்றார் பொறுப்பாசிரியர். போன பதிப்பில் காபி–தேநீர் ஒப்பீட்டுக்கே பதினோரு கடிதம் வந்ததாம்.

ஏன் நான் என்று கேட்டேன். "உங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரியுமே."

தெரியும். எனக்கும் அக்காவுக்கும் ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம். பிறகு அவள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு, கலிமா சொல்லி, அடுத்த பத்திக்குப் போய்விட்டாள். ஒன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அதற்கு அட்டவணையில் வரிசை இல்லை.

செப்டம்பர் 3, புதன்

வரிசை 1: கடவுள். கிறிஸ்தவத்துக்கு ஐந்து வரி ஆனது: கடவுள் ஒருவரே, ஆனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவராய். இஸ்லாமுக்கு இரண்டே வரி: இறைவன் ஒருவன், இணையில்லை, பிள்ளையில்லை.

பக்கம் வடிவமைக்கும் பையன் எட்டிப் பார்த்தான். "மேடம், இந்தப் பக்கம் மூணு வரி குறையுது. கொஞ்சம் நீட்டுங்களேன்."

"ஒருவன்கிறதை எப்படிப்பா நீட்டுறது?"

"அப்ப அந்தப் பக்கத்தைக் குறைங்க."

"மூணு பேர்ல யாரைக் குறைக்க?"

தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

செப்டம்பர் 5, வெள்ளி

அக்கா மகள் போன் செய்தாள். பழக்கமில்லாத குரல், சித்தி என்று அவள் சொன்ன பிறகுதான் யாரென்று விளங்கியது. அக்கா ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். "இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, சித்தி." சரி என்றேன். சரியா? வேறு என்ன சொல்வது?

ஆறாம் வரிசைக்குத் திரும்பினேன். வேதங்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆலோசகர்கள் வந்தார்கள்: ஒரு ஃபாதர், ஒரு மௌலவி. இயேசு அல்லது ஈசா என்ற வரிசை. கன்னியிடம் பிறந்தார் – இருவரும் தலையாட்டினார்கள். நோயாளிகளைக் குணமாக்கினார் – ஆட்டினார்கள். மறுபடியும் வருவார் – ஆட்டினார்கள். சிலுவை என்றதும் தலைகள் நின்றன. அங்கே உயிர்விட்டார் என்கிறார் ஒருவர். அறையப்படவே இல்லை, இறைவன் உயர்த்திக்கொண்டான் என்கிறார் மற்றவர். ஒருவருக்கு அவர் மகன், மற்றவருக்குத் தூதர். ஆனாலும் தங்களுக்குள் சண்டை போடவில்லை. இருவரும் சேர்ந்து என் வாக்கியத்தோடு சண்டை போட்டார்கள்.

மரியாளின் பெயரில் குர்ஆனில் தனி அத்தியாயமே இருக்கிறது. அம்மாவுக்கு அது தெரிந்திருந்தால் அக்காவின் கல்யாணத்துக்குப் போயிருப்பாளா? மாட்டாள். மாப்பிள்ளைமேல் அம்மா கடைசிவரை சொன்ன குறை இறையியல் சம்பந்தப்பட்டதே அல்ல: "எனக்குத் தப்பான பவர் போட்டுக் குடுத்துட்டான்."

செப்டம்பர் 10, புதன்

வரிசை 9: வழிபாடு. கிறிஸ்தவர் நினைத்த நேரத்தில் ஜெபிக்கலாம். ஞாயிறு கூடி வணங்குவது. முஸ்லிம்களுக்கு நாளுக்கு ஐந்து வேளை, குறித்த நேரம், குறித்த திசை. தொழுகையின் நடுவே பேசக்கூடாது.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தட்டி முடித்ததும் கணினியை அணைத்தேன்.

ஒன்பது வருடத்துக்கு முன், அம்மாவை அடக்கம் செய்த அன்று பிற்பகல். அக்கா என் அறையில், என் துணி அலமாரியைப் பார்த்து நின்று தொழுதுகொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று கத்தினேன்: "இன்னிக்கு ஒரு நாளாவது இதை விட்டுட்டு வரக்கூடாதா? பெட்டிய மூடப்போறாங்க!" பதில் இல்லை. திமிர் என்று நினைத்தேன். மூடுங்கள் என்று சொன்னது நான்தான். அவள் வந்தபோது ஆணி அடித்தாயிற்று. அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

நாலு நிமிஷம். நாலு நிமிஷம் பொறுத்திருந்தா என்ன குடி முழுகியிருக்கும்?

செப்டம்பர் 14, ஞாயிறு

அத்தான் போன் செய்தார். "வாம்மா. அவ கூப்பிடல. நான்தான் கூப்பிடுறேன்."

போனேன். வார்டில் எல்லாக் கட்டிலும் நேராக இருக்க, ஒன்று மட்டும் குறுக்கே கிடந்தது. தொழும் திசைக்கு அத்தான் திருப்பிப் போட்டிருக்கிறார். "தள்ளுவண்டி போக வழி இல்ல சார்" என்று நர்ஸ் முனகிக்கொண்டிருந்தார். அக்கா தொழுகையில் இருந்தாள். நிற்க முடியாது, குனிய முடியாது. இமைகள் மட்டும் தாழ்ந்து எழுந்தன. வாசலிலேயே நின்றேன். ஏழு நிமிடம்.

"வந்து நேரமாச்சா? கூப்பிட வேண்டியதுதானே."

"நீ பதில் சொல்ல மாட்டே."

"அட. இப்பத்தான் படிச்சியாக்கும்."

ஒப்பீட்டு அட்டவணை போடுகிறேன் என்றேன். "எந்தப் பக்கம் ஜெயிக்குது?" என்றாள். சம நீளம் என்றேன். கொஞ்சம் கழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மா முகம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கண்ணாடி போட்டிருந்தாங்க. அத்தான் செஞ்சு குடுத்தது. அதைப் போட்டே அனுப்பச் சொல்லியிருந்தாங்க."

"தப்பான பவராச்சே. வழி தெரிஞ்சிருக்காதே."

சிரித்தாள். அல்லது வலி. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

வரிசை 12: பாவமும் மன்னிப்பும். ஒரு பக்கம் பிறவியிலேயே பாவம், மீட்க ஒருவர் தேவை. மறுபக்கம் பிறப்பில் பாவமில்லை. அவரவர் சுமை அவரவருக்கு, நேராக இறைவனிடம் கேட்கலாம். ஆனால் சக மனிதருக்குச் செய்த தவறை அந்த மனிதரிடமே போய்த் தீர்க்க வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்று. ஃபாதரும் மௌலவியும் ஒரே மாதிரி டிக் அடித்திருக்கிறார்கள்.

நாளைக்குப் போகிறேன்.

செப்டம்பர் 17, புதன்

போகவில்லை. பிழைதிருத்தம் இருந்தது. எப்போதும் இருக்கும்.

செப்டம்பர் 18, வியாழன்

காலை எட்டு மணிக்கு அக்கா போய்விட்டாள். சேதி வந்தபோது தேநீர் பாதி குடித்திருந்தேன். மீதியையும் குடித்தேன். ஏன் குடித்தேன்?

குளிப்பாட்டும் அறை வாசலில் அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தியும் வரட்டும்." குளிப்பாட்டும் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குளிப்பாட்டுறது நாங்க பாத்துக்குவோம். தண்ணி ஊத்த ஒரு கை வேணும். அழுவீங்களா?" மாட்டேன் என்றேன். அது உண்மை.

பதினாறாம் வரிசை, இறுதிச் சடங்கு, எனக்கு மனப்பாடம். வலப்புறத்தில் தொடங்கி, ஒற்றைப்படை முறை கழுவுதல். கடைசியில் கற்பூரம் கலந்த நீர். தைக்காத வெள்ளைத் துணி. அக்காமேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. காலடியில் நின்று, குவளையை எடுத்து, தயங்காமல் வலப்பக்கம் ஊற்றினேன்.

"உங்க வலது இல்லம்மா" என்றார் அந்த அம்மாள். "அவங்க வலது."

மறுபக்கம் நகர்ந்து ஊற்றினேன். கோபப்படவில்லை அவர். எல்லாரும் முதல் தடவை அப்படித்தான் என்றார். அக்காவின் கூந்தலை மூன்று பின்னலாகப் பின்னினார்கள்.

வெளியே அத்தான் கூடியிருந்தவர்களிடம் சொன்னார்: "அவ யார் மனசையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க." அவள் சார்பில் என்னிடமும் கேட்கிறார். என்னிடம்.

மூடப் பெட்டி இல்லை. முகத்துணியை விலக்கி, பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் நின்றேன். தொழவைப்பவர் வந்தாயிற்று, தூக்குகிறவர்கள் வந்தாயிற்று. "அவ தங்கச்சி பாத்துட்டிருக்கா, இருங்க" என்றார் அத்தான்.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

செப்டம்பர் 26, வெள்ளி

பக்கம் அச்சுக்குப் போகும் நாள். "மேடம், பதினாறுல இஸ்லாம் பக்கம் ஒரே ஒரு வரி குறையுது" என்றான் வடிவமைப்புப் பையன்.

எழுதிக் கொடுத்தேன்: "வலம் என்பது இறந்தவரின் வலம், நீர் ஊற்றுபவருடையது அல்ல."

"கச்சிதமா உக்காந்துடுச்சு மேடம்."

ஒவ்வொரு வரிக்கும் ஆதாரக் கட்டம் நிரப்ப வேண்டும்: நூல், பக்க எண். பொறுப்பாசிரியர் இதற்கு என்ன போடுவது என்று கேட்டார். பேனாவை வாங்கி, "நேரில்" என்று எழுதினேன்.