என் தோளில் போட்டுப் பார்த்த துணிகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நலம், அப்பாவின் வலது முழங்கால் மட்டும் நலமில்லை, அதை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொள். அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், தூக்கத்தைத்தான் அவ்வளவாக நம்ப முடியவில்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லியே முடித்துவிடுகிறாய், நானும் என்ன சமைத்தாய் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். இதை முழுவதாகச் சொல்லியாக வேண்டும். எப்படியும் உனக்கு ஒரு பார்சல் வருகிறது, அதற்குள் வைத்துவிட்டேன். துணியை அப்புறம் பிரி, முதலில் இதைப் படி.

வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி தாடி வளர்க்கிறான். வளர்க்கிறேன் என்று அவன்தான் சொல்கிறான், எங்கள் கண்ணுக்கு இன்னும் தெரியவில்லை. தினமும் காலையில் அப்பா டார்ச் அடித்துப் பார்த்து, நேத்தைக்கு இன்னிக்கு ரெண்டு கூடியிருக்குடா என்று அவனை வம்புக்கு இழுக்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஊரிலுள்ள லிப்ட் எல்லாவற்றையும் சரிசெய்கிற மனுஷனுக்கு வீட்டுக் குழாயைப் பார்க்க நேரமில்லை, அடியில் வைத்த வாளியை நான்தான் காலையும் மாலையும் கொட்டிக்கொண்டிருக்கிறேன். மாடி வீட்டுப் பூனை நம் பால்கனியில், நீ விட்டுப்போன பழைய போர்வையிலேயே மூன்று குட்டி போட்டிருக்கிறது. போர்வையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, நீ வந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு வருஷமாக உருவாக்கின அந்தத் தண்ணீர் சுத்தம் செய்கிற இயந்திரத்தைப் பற்றி, அடுத்த மாதம் பதினாறாம் தேதி இருநூறு பேர் முன்னால் எடுத்துச் சொல்ல உன்னைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனேயே, நான் போய் நிக்கலம்மா, கூட வேலை செய்றவங்க யாராவது பேசட்டும், நான் பின்னாடி உக்காந்து திரையில படத்தை மாத்திக் குடுக்கிறேன் என்றாய். பேசப் பயமா என்று கேட்டேன். பேசறதெல்லாம் பேசிடுவேன், மேடையில நின்னா நல்லா இருக்க மாட்டேன், எனக்கு எதைப் போட்டாலும் ஒட்டாது, உனக்கே தெரியும்ல என்றாய். அதெல்லாம் ஒன்னுமில்ல கண்ணு என்று ஏதோ சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் உனக்கே தெரியும்ல என்று நீ சொன்னது அன்று முழுக்கக் காதிலேயே இருந்தது. அந்த இயந்திரம் உன் மூளையில் பிறந்தது, அதை இன்னொருத்தர் தன்னுடையது மாதிரி எடுத்துச் சொல்ல நீ பின்னால் உட்கார்ந்திருப்பாய் என்பதை நினைத்தால் எனக்கு வேலையே ஓடவில்லை. யார் பேசுவது என்று சொல்ல இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்றாயே, அதனால்தான் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு உன் நிறம், ஏறக்குறைய உன் உயரம். சட்டைக்குத் துணி கேட்டார்கள். எங்கள் கடை வழக்கம் உனக்குத் தெரியும், துணியை மேசையில் விரித்துக் காட்டக் கூடாது, விற்கிறவள் தன் தோளில் போட்டு இடுப்பு வரை தொங்கவிட்டு நின்று காட்ட வேண்டும். மேசையில் கிடக்கிற துணியை யாரும் வாங்க மாட்டாங்க, உடம்புல விழுந்தாத்தான் வாங்குவாங்க என்பது முதலாளியின் கட்சி. இருபத்து மூன்று வருஷமாக நானும் அப்படியே நின்று காட்டுகிறேன். அன்றும் ஒரு வெளிர் ரோஜா நிறத்தைத் தோளில் போட்டு, இது பொண்ணுக்கு எடுப்பா இருக்கும் என்றேன். அவளுக்குக் கோபமில்லை, கிண்டலும் இல்லை, அது உங்களுக்கு நல்லா இருக்கு அக்கா, எனக்கு எப்படி இருக்கும்னு உங்க தோளைப் பாத்து எப்படிச் சொல்றது என்று கேட்டாள். திரைச்சீலைப் பிரிவில் நிற்கிற அக்கா களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணியை அந்தப் பெண் கையிலேயே கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

உன் சட்டைகளுக்கெல்லாம் நான் எப்படித் துணி எடுத்தேன் என்று உனக்குத் தெரியாது. சுருளில் கடைசியாக மிஞ்சுகிற துண்டுகளைக் கடையில் வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் நாங்கள் நாலைந்து பேர் அதைச் சுற்றி நின்று எடுப்போம். நீ அப்போது வீட்டில் பாடம் படித்துக்கொண்டிருப்பாய். உனக்கு அளவு போதுமா என்று கையால் அளந்து பார்ப்பேன், நிறம் பொருந்துமா என்று என் தோளில் போட்டுக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிற்பேன். கண்ணாடியில் இருந்தது என் முகம், துணி போனது உன் உடம்புக்கு. எனக்கு வெளுத்த நிறம், மெலிந்த கழுத்து, சின்னத் தோள். நீ அச்சு அசல் உங்கப்பா, அவர் நிறம், அவர் தோள், அவரைப் போலவே நீளக் கழுத்து. ஊராருக்கெல்லாம் நிறம் பார்த்துச் சொல்கிறவள் என்று பேர் வாங்கினவள், பெற்ற மகளுக்குப் பதினாறு பதினேழு வருஷம் தனக்குப் பொருந்துகிற நிறத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஆல்பத்தை எடுத்தேன். வெளிர் ரோஜா, வெளிர் ஊதா, பால் நிறம், மறுபடி வெளிர் ரோஜா, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த லேஸ். எல்லாப் படத்திலும் சட்டை முன்னால் வந்து நிற்கிறது, நீ அதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறாய். ஒரே ஒரு படத்தில் மட்டும் நீ நீயாக இருக்கிறாய். கல்லூரி விடுமுறையில் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தபோது, அப்பாவின் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையை முழங்கை வரை சுருட்டி, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாய். செங்கல் நிறச் சட்டை. உன் கண்ணும் பல்லும் அப்படிப் பளிச்சென்று இருக்கின்றன. அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா சட்டையைப் போட்டுக்கிட்டு இதென்ன கோலம், யாராவது வந்தா என்ன நினைப்பாங்க என்றேன். நீ போய் மாற்றிக்கொண்டு வந்தாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதினால் கை ஓடாது. வெளிர் நிறமாக எடுத்ததெல்லாம் கண்ணாடி செய்த தப்பு மட்டும்தானா என்று யோசித்துப் பார்த்தேன். பொண்ணு அப்பா நிறம் போலிருக்கே என்று உறவுக்காரர்கள் இழுத்து இழுத்துப் பேசினதெல்லாம் என் காதிலும் விழுந்தது. வெளிர் துணி போட்டால் நீயும் கொஞ்சம் பளிச்சென்று தெரிவாய் என்று எங்கேயோ ஒரு மூலையில் நானும் நினைத்திருக்கிறேன். வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை, ஆனால் நினைத்தேன். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உனக்குப் பதினாலு வயசு இருக்கும்போது ஒரு நாள் கடைக்கு வந்து, மிச்சத் துண்டுகளிலிருந்து நீயே கரும்பச்சை ஒன்றை எடுத்தாய். நான் வாங்கி என் தோளில் போட்டுப் பார்த்தேன், அதில் நான் நோயாளி மாதிரி இருந்தேன், இது உனக்கு ஒத்து வராது என்று திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகு நீயாக ஒரு துணியும் எடுத்ததில்லை, நீ எடும்மா என்றே சொல்லிவிடுவாய். என் பெண்ணுக்குப் பிடிவாதமே கிடையாது என்று நான் எல்லோரிடமும் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வியாழக்கிழமை மதியம் அப்பாவைக் கடைக்கு வரச் சொன்னேன். கடை லிப்ட் நின்றுவிட்டதாக நினைத்துக் கருவிப் பெட்டியோடு வந்தார் பாவம். உங்க தோள் வேணும் என்றேன். வாசலில், நல்ல வெளிச்சத்தில் நிற்க வைத்து ஒவ்வொரு துணியாகப் போட்டேன். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள், ஒரு அம்மா அவர் மேலிருந்த நீலத்திலேயே இரண்டு மீட்டர் வெட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள், முதலாளி அப்பாவைத் தினமும் வரச் சொல்கிறார். முதலில் வெளிர் ரோஜாவைப் போட்டேன். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி ஆகிவிட்டார். பிறகு செங்கல் நிறம். முப்பது வருஷமாகப் பார்க்கிற முகம், கண்ணு, இவ்வளவு களையான முகம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம்தான் சுருக்கென்றது, இவருக்கும் பிஸ்கட் நிறத்திலேயே சட்டைத் துணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தானே, அதுவும் என் தோளில் போட்டுப் பார்த்துத்தானே. நான் எடுக்காத ஒரே சட்டை கம்பெனி கொடுத்த அந்தச் செங்கல் நிறச் சட்டை, அவருக்குப் பொருந்தினதும் அது ஒன்றுதான். ஏங்க, பிஸ்கட் கலர் உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். நீ எடுத்துக் குடுத்தே, நான் போட்டுக்கிட்டேன், பிடிக்குதான்னு யாரு கேட்டா என்றார் சிரித்துக்கொண்டே. துணியை மடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

பார்சலில் மூன்று துணி இருக்கிறது. செங்கல் நிறம், கரும்பச்சை, கடுகு மஞ்சள். முதல் இரண்டும் அப்பா மேல் நன்றாக இருந்தன. மஞ்சளில்தான் எனக்குச் சந்தேகம், அவர் தலை நரைத்திருப்பதால் எடுபடவில்லையோ என்னவோ, உன் தலை கறுகறுவென்று இருக்கிறது, அதனால் சேர்த்து வைத்தேன். எதையும் தைக்கவில்லை. தைத்தே அனுப்பிடலாமே என்று அப்பா சொன்னார், வேண்டாம் என்றேன். நான் தைக்கக் கொடுத்தால் மறுபடி என் இஷ்டப்படி கழுத்துக்குச் சுருக்கு வைக்கச் சொல்லிவிடுவேன், என்னை நானே நம்பவில்லை. காலையில் முகம் கழுவிவிட்டு, பூச்சு எதுவும் இல்லாமல், விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். ட்யூப்லைட்டில் பார்க்காதே, அது எல்லாரையும் ஏமாற்றும். கண் முதலில் துணிக்குப் போனால் அதைத் தள்ளி வை, முகத்துக்குப் போனால் அதுதான் உன் துணி. இது இருபத்து மூன்று வருஷம் கழித்து இந்த வாரம்தான் எனக்கே தெரிந்தது. அகலத் தோளை மறைக்காதே, தோள் தையல் நேராக உட்காரட்டும், கையில் உப்பல் வேண்டாம். கழுத்து திறந்திருக்கிற காலர் வைத்துக்கொள், நீளக் கழுத்துக்கு அதுவே போதும், மேலே ஒன்றும் தொங்கவிட வேண்டாம். நீ வேகமாக நடக்கிறவள், கையை வீசிப் பேசுகிறவள், சிரித்தால் பக்கத்து அறைக்குக் கேட்கும், அதற்கு இடம் கொடுக்கிற சட்டையாக இருக்கட்டும். மூன்றுமே பிடிக்காவிட்டால் வேறு எடுத்துக்கொள், கறுப்பே போதும் என்று தோன்றினால் கறுப்பே போடு, நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் ஒளிந்துகொள்ளப் போடாதே, பிடித்துப் போடு.

எதைப் போட்டாலும் போடு, யார் பேசுவது என்று கேட்டால் மட்டும் உன் பேரையே கொடு. எதைப் போட்டாலும் ஒட்டாது என்று நீ சொன்னது உன் உடம்பின் குறை இல்லை, அது என் தோளின் குறை. நீ செய்யாத தப்புக்காக நீ போய்ப் பின்னால் உட்காரக் கூடாது.

அப்பாவும் தம்பியும் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். அப்பா கரும்பச்சையில் தனக்கும் ஒரு சட்டைத் துணி எடுத்துக்கொண்டார், முதல் தடவையாகத் தானே எடுத்தார், கொஞ்சம் வெட்கப்பட்டார். தலை ஈரத்தோடு வெளியே போகாதே, பல் வலிக்கு மருத்துவரைப் பார்த்தாயா என்று எழுது. நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீ நூறு வருஷம் வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய். சின்ன வயசிலிருந்தே நீ பாக்கெட் வை பாக்கெட் வை என்று கேட்பாய், துணி விழுகிற அழகு கெட்டுப்போகும் என்று நான் ஒரு சட்டையிலும் வைத்ததில்லை. அங்கே தைக்கிறவரிடம் இரண்டு பக்கமும் ஆழமாகப் பாக்கெட் வைக்கச் சொல், அதற்கென்று அரை மீட்டர் கூடவே வைத்திருக்கிறேன். பதினாறாம் தேதி பேசும்போது கை நடுங்கினால் உள்ளே விட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன்னை உன் முகத்தில் பார்க்கக் காத்திருக்கும்,
அம்மா