‘ஓடிச்சு’ என்று நான் சொன்ன சோதனை

இன்று காலை வண்டி கவரைப்பேட்டையை விட்டுக் கிளம்பியதும் காற்று திரும்பி, பெட்டி முழுக்க இரும்பாலை வாடை. எதிரில் இருந்தவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். நீ மூட மாட்டாய். “எங்கப்பா சட்டை வாசனைடி இது” என்பாய். நாற்று நட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து முதல் ஆளாய் மில்லுக்குள் போனவர் உன் அப்பா. அந்த வாடையை யாராவது குறை சொன்னால் உனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பொன்னேரியில் ஏறும் நான் உனக்காக இடம் பிடித்து வைப்பேன். நீ கவரைப்பேட்டையில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வரை ஒரே ஒரு ஸ்டேஷன்தான். அதற்குள் நான் எழுதிய கணினி ஸ்கிரிப்டில் மூன்று தப்பாவது கண்டுபிடித்துவிடுவாய்.

அந்த வாடையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் கைப்பேசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏதோ குளிர் தேசத்துக்காரர் எழுதியிருந்தார். நம் கருவியில் உள்ள ஒரு சோதனை, தனக்குத் தெரிந்து எந்தக் கணினியிலும் நடந்ததே இல்லை, நீக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார். கோப்பின் தலையில் எழுதியவர் என்று உன் பெயர். சரிபார்த்தவர் என்று என் பெயர். நான் ‘சரி’ என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், அது போய்விடும்.

நம் கருவி என்ன செய்கிறது என்று நீ என் அம்மாவுக்கு விளக்கியது ஞாபகம் இருக்கிறது. “புரோகிராம் எதையும் தானா செய்யாது ஆன்ட்டி. ஃபைல் தொறக்கணும்னாலும் படிக்கணும்னாலும், கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்தையும் மேய்க்கிற கர்னல்னு ஒண்ணு, அதாண்ட போய்க் கேக்கணும். இது இன்னா கேட்டுச்சு, அது இன்னா பதில் சொல்லிச்சுன்னு பக்கத்துலயே குந்திக்கினு எழுதறதுதான் எங்க டூலு.” அம்மா யோசித்துவிட்டு, “அப்போ வேவு பாக்குறீங்க” என்றாள். உனக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

ஆலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் நம் அலுவலகத்தில், பெட்டி உறைந்து நின்றுவிட்டால் அந்தக் கருவியைத்தான் எடுப்போம். பிறகு, உலகத்தில் பலர் சேர்ந்து இலவசமாக வளர்க்கும் அந்தக் கருவிக்கு நாமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் எழுத ஆரம்பித்தோம். ஒருத்தி சோதனைக்கான கட்டளைகளை வரிவரியாக ஷெல் ஸ்கிரிப்டில் எழுதினால் மற்றவள் சரிபார்க்க வேண்டும். நீ கேட்பாய், “ஓடிச்சா?” நான், “ஓடிச்சு.” உடனே வரும்: “மோட்டர் கூடத்தான் ஓடுது. தண்ணி வந்துச்சா?”

நமக்கு எல்லாமே ‘ஓடிச்சு’தான். ஆரம்பித்தாலும் ஓடிச்சு, முடிந்தாலும் ஓடிச்சு, தேறினாலும் ஓடிச்சு. தனக்கு வேண்டிய வசதி அந்தக் கணினியில் இல்லையென்றால் ஒரு சோதனை தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். கடைசிப் பட்டியலில் அது தோல்விக் கணக்கில் வராது, சிவப்பாகத் தெரியாது. அதையும் நாம் ஓடிச்சு என்றுதான் சொல்வோம். உனக்கு அந்த வார்த்தைமேல் தீராத சந்தேகம்.

உன் கடைசிச் சோதனையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அனுப்பினாய். கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் கருவி அதை ஒழுங்காக எழுதுகிறதா என்று பார்க்கும் சோதனை. கோப்புக்குக் கும்மிடிப்பூண்டி என்று பெயர் வைத்திருந்தாய். “அமெரிக்காக்காரன் மிஷின்லயும் நம்ம ஊரு பேரு வரட்டும்டி.” சாயங்காலம் செய்தி அனுப்பினாய்: “ஓடிச்சா?” சிவப்பாக எதுவும் இல்லை. அதற்குமேல் பார்க்க எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. “ஓடிச்சு” என்று பதில் போட்டேன். தண்ணி வந்துச்சா என்று அன்றைக்கு நீ கேட்கவில்லை. அடுத்த வாரம் நீ இல்லை.

இன்று அலுவலகத்தில் அந்த மின்னஞ்சலை மறுபடி திறந்தேன். ‘சரி’ என்று போட்டால் உன் கடைசி வேலை போய்விடும். கூடவே என் பொய்யும் போய்விடும். அப்படியும் ஒரு ஆசை வந்தது, உன்னிடம் மறைப்பானேன். அப்புறம் ஸ்கிரிப்டைத் திறந்தேன்.

நான்காவது வரி. இந்தக் கணினிக்கு நம் எழுத்துத் தெரியுமா என்று கேட்கும் இடம். சதுர அடைப்புக்குறிக்குப் பின்னால் இடைவெளி விடவில்லை. அது இல்லாவிட்டால், கட்டளைகளைப் படித்து நடத்தும் ஷெல்லுக்கு வரியே புரியாது. ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டு சோதனையை ஒதுக்கிவிடும். நான்கு வருடமாக எல்லாக் கணினியிலும் அதுதான் நடந்திருக்கிறது. இதே தப்பை நான் செய்தபோதெல்லாம், “காத்து வர்றதுக்கு எடம் உடுடி” என்று என் மானத்தை வாங்கியவள் நீ. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க நீயே செய்திருக்கிறாய். நானும் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

இடைவெளியைப் போட்டு ஓட்டினேன். சிவப்பு. தோற்றுவிட்டது. மிச்சமும் தப்பாக எழுதியிருக்கிறாயோ என்று பயந்தேன். பதிவைத் திறந்து படித்தேன். வரவேண்டியது ‘கும்மிடிப்பூண்டி’. கருவி எழுதியிருந்தது ‘கும்மிடிப்’, அதற்குப் பின் ஒரு கேள்விக்குறி. நம் எழுத்து ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் பிடிக்கும். இடம் போதாமல் நம் ஊரை நடுவில், அதுவும் ஒரு எழுத்தின் பாதியில், வெட்டிப் போட்டிருக்கிறது கருவி. உன் சோதனை சரி. கருவிதான் தப்பு. முதல்முறை நிஜமாக ஓடியபோதே அதைப் பிடித்துவிட்டாய். நான் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் எடுத்து வந்து நீட்டியபோதுதான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

எல்லாருக்கும் போகும்படி உள்ளதை எழுதினேன். அன்று சரிபார்த்தது நான், பார்க்காமலே ஓடியது என்று சொன்னதும் நான் என்று. என்னை யாரும் திட்டவில்லை. குளிர் தேசத்துக்காரர் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, கருவியைத் தானே திருத்தித் தருவதாகச் சொன்னார். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டிருந்தார். பெயர் நீளமாக இருந்தால், எழுத்து உடையாத இடமாகப் பார்த்து நிறுத்தினால் போதுமா, முழுப் பெயரும் வர வேண்டுமா? இதை எழுதியவரையே கேட்டுவிடலாம், எப்படித் தொடர்புகொள்வது?

அவள் இப்போது இல்லை என்று எழுதினேன். அவளுடைய சோதனைகளைப் பற்றி இனி எதுவானாலும் என்னிடம் கேளுங்கள், நான் பதில் சொல்கிறேன் என்று எழுதினேன். அவர் கேட்டதற்கும் பதில் போட்டேன்: முழுப் பெயரும் வர வேண்டும்.