ஆபீஸுக்குள் மட்டும் திறக்கும் வெப்சைட்

அக். 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆரம்பாக்கத்தில் ரயில் இருபது நிமிடம் தாமதம். பேக்கிங்கில் உட்காரப் போனவளை முதலாளி ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, நீ கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சவதானே. நம்ப போல்ட் கம்பெனிக்கு வெப்சைட் வேணும். புனே பார்ட்டி ஞாயித்துக்கெழம பாக்கறேன்றாரு. அதுக்குள்ள முடிச்சுக் குடு, உன் பேர ஸ்டாஃப்ல ஏத்திடறேன்."

மூன்று வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறேன். ஸ்டாஃப் ஆனால், 'நாளைக்கு வராதே' என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. சரி என்றேன். கோர்ஸில் படித்தது டைப்பிங் மட்டும்தான். அதைச் சொல்லவில்லை.

வெப்சைட் போட ஒரு இலவச மென்பொருள் கிடைத்தது. உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதியது, எவரும் எடுத்துக்கொள்ளலாம். புரோகிராம் தெரியாமலே பக்கம் போடலாமாம். ஐந்து நிமிட வேலை என்கிறது வீடியோ. மாலை வரை திரையில் ஒரே வரி: டேட்டாபேஸ் இணைப்பு இல்லை. யாருடைய ஐந்து நிமிடமோ.

அக். 8, செவ்வாய்

பாஸ்வேர்டுக்குப் பின்னால் ஒரு காலி இடம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு நாள் போச்சு.

தீம் என்ற ரெடிமேட் தோற்றத்தைப் போட்டேன். எங்கு பார்த்தாலும் காபிக் கடைப் படம், சிரிக்கும் வெள்ளைக்காரி. அழித்தால் மறுபடி வருகிறாள். பாக்கி: முகப்பு, மெனு, போல்ட் அளவுகள், போன் நம்பர். மதியம் கூடுதல் வசதிக்கு என்று ஒரு பிளக்இன் போட்டதும் திரை முழுக்க வெள்ளை. அழுகை வந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அக். 9, புதன்

அந்த பிளக்இன்னை அழித்ததும் எல்லாம் திரும்பி வந்தது. மூன்று மணிக்கு சைட் முதலாளி போனில் திறந்தது. என் போனிலும். ஃபோர்மேன் குமரேசன் அண்ணன் தன் படத்தைப் பார்த்து, "இன்னாம்மா, நம்பள ஹீரோ ஆக்கிட்ட. ஊட்ல காட்டணும்" என்றார். சந்தோஷம். ரொம்ப.

ரயிலில் பக்கத்து சீட் அக்காவுக்குக் காட்டப் போனேன். திறக்கவில்லை. சிக்னல் என்று நினைத்தேன். வீட்டிலும் திறக்கவில்லை.

அக். 10, வியாழன்

நான் ஒரு முட்டாள். சைட் இன்டர்நெட்டில் இல்லவே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஆபீஸ் வைஃபையில் உள்ள போனுக்கு மட்டும் தெரியும். வெளியே இன்டர்நெட்டில் காசு கட்டி இடம் வாங்கி அதில் ஏற்ற வேண்டும்.

"நேத்து தொறந்துச்சே" என்று முதலாளி மூன்று முறை கேட்டார். கடைசியில் கார்டு கொடுத்தார். இடம் தயாராக மாலை ஆகிவிட்டது. ஆபீஸ் நெட்டில் இவ்வளவு பெரிய ஃபைல் ஏறாது. பென்டிரைவில் எடுத்துப் போய் பிரவுசிங் சென்டரில் ஏற்றணும். நாளைக்கு.

அக். 11, வெள்ளி

ஆயுத பூஜை. நேற்று எழுதும்போது உறைக்கவே இல்லை. எட்டு மணிக்கே மெயின் ஸ்விட்ச்சை இறக்கிவிட்டார்கள். லேத், டிரில், எடை மெஷின், வரிசையாகச் சந்தனம் குங்குமம். கம்ப்யூட்டருக்கும் மாலை.

"அண்ணே, கம்ப்யூட்டர மட்டும் அரை மணி நேரம் போட்டுக்கறேன்" என்று குமரேசன் அண்ணனிடம் கேட்டேன்.

"இன்னிக்கு அதுக்கு ரெஸ்டும்மா. பூஜ போட்டத தொடக்கூடாது. இத்தினி மெஷின் ஓடுது, இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் வெரல் போனதில்ல."

பொரி, சுண்டல், ஒரு வாழைப்பழம். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அக். 12, சனி

வெயில். மெயினை ஏற்றியதும் ஓடினேன். பென்டிரைவ் நுழையவில்லை. முன்பக்க ஓட்டை இரண்டிலும் சந்தனம், காய்ந்து கெட்டியாக. பொட்டு வைக்க வேறு இடமா இல்லை. குண்டூசியால் நோண்டிக்கொண்டிருந்தேன்.

"பேஜாரா பூட்ச்சா?" என்றார் குமரேசன் அண்ணன். பின்பக்கமும் ஓட்டை இருப்பதை அவர்தான் காட்டினார்.

பிரவுசிங் சென்டர். ஏற்றினால் ஒரு படம்கூட வரவில்லை. படங்களின் முகவரி எல்லாம் இன்னும் ஆபீஸ் கம்ப்யூட்டரையே தேடுகிறது. ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க ஆறு மணி. ரயிலில் திறந்தது. எளாவூர் ஸ்டேஷன் தாண்டியும் திறந்தது. சாப்பிடாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அக். 14, திங்கள்

புனே பார்ட்டி சைட்டைப் பார்த்துவிட்டு ஆர்டர் பேச வருகிறாராம். முதலாளி குஷி. பக்கத்தில் அவர் மருமகன்.

"இனிமே வெப்சைட்ட மாப்பிள்ள பாத்துப்பாரு. பாஸ்வேர்ட எழுதிக் குடுத்துட்டு நீ பேக்கிங்குக்குப் போ."

"சார், ஸ்டாஃப் லெட்டர்?"

"அடுத்த மாசம் பாக்கலாம்."

"அப்ப பாஸ்வேர்டும் அடுத்த மாசம் பாத்துக்கலாம் சார்."

சொல்லிவிட்டேன். இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன். சார் கூப்பிடுகிறார் என்று குமரேசன் அண்ணன் இரண்டு முறை வந்துவிட்டார்.

"கையில எதனா பேப்பர் வெச்சிருக்காரா அண்ணே?"

இல்லை என்றார். நான் எழுந்திருக்கவில்லை.