இரண்டு குசினி, ஒரு பாலம்

அக்குறணை
29 மார்ச் 2026

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நுஹாவும் நல்ல சுகம். உங்கட சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ கேட்கிறோம். உம்மா சலாம் சொல்லச் சொன்னாங்க.

நான் ஈமெயில் போட, நைரோபி ஆபீசில அச்சடிச்சு விமானப் பையில உங்களுக்கு அனுப்புறாங்க. நீங்க பேனையால எழுதுறதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புறாங்க. டவர் இல்லாத ஊரில பாலம் கட்டுற மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டா இப்படித்தான்.

நேற்று டீவியில கீழ ஒரு வரி ஓடிச்சு. "தென் சூடான்" என்று தொடங்கிச்சு. பிள்ளை அழுதா, திரும்பிப் பார்க்க முந்தி வரி போயிட்டு. பிறகு அந்த வரி திரும்ப வருமா என்று படுக்கிற வரைக்கும் டீவி முன்னாலயே இருந்தேன்.

நுஹா தவழுறா. உங்கட போட்டோவைக் காட்டி "வாப்பா" என்றா, போனைப் பறிச்சு வாயில வைக்கிறா. வாப்பா என்றா தின்னுற சாமான் என்று நினைச்சிருக்கா போல. பிறந்ததுல இருந்து உங்களைக் கண்ணால கண்டிருந்தால்தானே. அவ பிறந்த அன்று நீங்க இல்லாத கோபம் எனக்கு இன்னும் ஆறல்ல. எழுதாம விட்டா ஆறிட்டு என்று நினைப்பீங்க, அதுக்காக எழுதுறேன்.

சாஹுல் ஹமீது மாமா வந்திருந்தார். "ஊரான் ஆத்துக்குப் பாலம் கட்டினது போதும் மகள். என்ட ஹாட்வெயார் கடையைப் பார்த்துக்க அரூஸை வரச் சொல்லு" என்றார். ஹஜ் பெருநாளைக்கு முந்தி முடிவு சொல்லணுமாம். மச்சான், வந்திடுங்க. மிச்சத்தை வேற யாரும் கட்டட்டும்.

உங்கட
இல்மா

*

ஆற்றங்கரை முகாம், தென் சூடான்
8 ஏப்ரல் 2026

அன்பு இல்மா,

வஅலைக்கும் முஸ்ஸலாம். உன் கோபம் பத்திரமா வந்து சேர்ந்திச்சு. தலகாணிக்குக் கீழ வைச்சிருக்கேன்.

மாமாவுக்கு என்ன சொல்லுறது? பாலம் முடிஞ்சிருந்தா இன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். இரண்டு கரையில இருந்தும் இரும்புச் சட்டங்களைப் பூட்டிக்கிட்டு வந்தோம். நடுவில ஒரே ஒரு துண்டு பாக்கி. கிழக்குக் கரை ஆட்களுக்கு டெங் தலைவன், மேற்குக் கரைக்கு லாம். போன வருஷம் ஆடு மாடு களவா ஓட்டிக்கிட்டுப் போன சண்டையில இரண்டு பக்கத்திலயும் ஆட்கள் மௌத்து. இப்ப கடைசித் துண்டைப் பூட்ட இரண்டு பக்கத்தாரும் ஒரே பலகையில நிக்கணும். ஒருத்தன் போல்ட்டைப் பிடிக்க மற்றவன் முறுக்கணும். மாட்டாங்களாம்.

"கீழ ஆறு, பின்னால அவன். நான் எதைப் பார்த்துக்கிட்டு முறுக்குறது?" என்கிறான் டெங். லாம்கிட்டப் போனா அதே கேள்வி. ஒரு பக்கத்து ஆட்களை மட்டும் வைச்சு முடிச்சா மற்றப் பக்கம் அந்தப் பாலத்தில காலே வைக்காது.

மழை வந்தா ஆறு பெருகி, பாலத்தைத் தாங்குற தற்காலிகக் கால்களை இழுத்துக்கிட்டுப் போயிடும். பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அக்கரைக் கிளினிக்குக்குப் போக வாற பொம்பளைகள் ஆத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். அடுத்த கோடையில மறுபடியும் முதல்ல இருந்து. அப்ப நுஹா ஓடித் திரிவா. இதை எழுதவே கை வருதில்ல.

நான் ஆட்களை நடத்துற விதத்தில குறை இல்ல, இல்மா. முதல் நாள்ல இருந்தே கவனம். சமைக்கக் கரைக்கு ஒரு குசினி, கரைக்கு ஒரு தண்ணித் தாங்கி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் தட்டு. இன்றுவரைக்கும் முகாமுக்குள்ள ஒரு கை ஓங்கினதில்ல.

பிள்ளையை முத்தமிடு.

அரூஸ்

*

அக்குறணை
15 ஏப்ரல் 2026

அன்புள்ள மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க பெருமையா எழுதின அந்தக் கடைசி வரிகளைத்தான் திரும்பத் திரும்ப வாசிச்சேன். பேராதனைக் கம்பஸ்ல சமூகவியல் படிச்சவ இப்ப பிள்ளைத் துணி மடிக்கிறா என்று சிரிப்பீங்களே, அதனால இதைக் குசினிப் பேச்சாவே எடுத்துக்குங்க.

ஞாயிற்றுக்கிழமை எங்கட குடும்பத்துப் பர்ஹானாட கல்யாணம். என்னையும் உம்மாவையும் உட்கார வைச்ச சஹன்ல எதிர்ல யார் என்றீங்க? அடுத்த வீட்டுச் சகீனா மாமி! மதில் வழக்குக்குப் பிறகு உம்மாவும் அவங்களும் முகம் பார்க்கிறதில்ல. எழும்பவும் ஏலாது, சஹன் என்றா ஆறு பேருக்கு ஒரே தட்டுத்தானே, சோறு வைச்சாச்சு. கோழி சகீனா மாமிட கைப் பக்கம். அவங்கதானே பிய்ச்சு எல்லாருக்கும் தள்ளணும்? தள்ளினாங்க. நெஞ்சுத் துண்டு உம்மாட முன்னால வந்து நின்றுச்சு.

உம்மா தொடல்ல.

"தின்னுங்க, ஆறுது. மதிலைக் கரைச்சு இதுல ஊத்தல்ல" என்றாங்க மாமி. உம்மாக்குச் சிரிப்பு வந்திட்டு. கடைசி இனிப்புக்கு வட்டிலப்பம் வாற நேரம் இரண்டு பேரும் மாப்பிள்ளைட மூக்கைப் பற்றிக் கதைச்சுக்கிட்டு இருந்தாங்க.

நான் ஒன்று கேட்கட்டா? அந்த ஆட்கள் தங்கட வீட்டில எப்படிச் சாப்பிடுவாங்க? தனித்தனித் தட்டிலயா? கேட்டீங்களா? சண்டை வரக் கூடாது என்று நீங்களே எல்லாத்தையும் இரண்டாப் பிரிச்சு வைச்சீங்க. இத்தனை மாசமும் பிரிச்சே பழக்கிட்டு, இப்ப ஒரே பலகையில ஏறு என்றா ஏறுவாங்களா?

ஒரு குசினியை மூடுங்க. பெரிய தட்டு வையுங்க. டெங்குட ஆட்களுக்கு லாம் இறைச்சி பிய்ச்சுக் கொடுக்கட்டும், லாமுட ஆட்களுக்கு டெங். நீங்க பங்கு வைக்க வேணாம். பாலத்துக்காரர் ஒதுங்கி நில்லுங்க.

போன கிழமை நுஹாவுக்குத் தடுப்பூசி. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில பஸ் நின்று போச்சு. கீழ மகாவலி ஆறு. பஸ்ஸில ஒருத்தரும் எட்டிப் பார்க்கல்ல, எல்லாரும் போனைத்தான் பார்த்தாங்க. பாலத்து மேல இருக்கிறோம் என்ற நினைப்பே யாருக்கும் இல்ல. அங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிற பொம்பளைகளை நினைச்சேன்.

வாங்க என்று இப்ப சொல்லல்ல. முடிச்சிட்டு வாங்க.

இல்மா

*

அக்குறணை
24 ஏப்ரல் 2026

மச்சான்,

இந்தக் கிழமைப் பை வரல்ல. விமானம் இறங்கல்லயாம், காரணம் தெரியாதாம். நைரோபியில இருந்து இவ்வளவுதான் வந்திச்சு.

நான் சொன்னதைக் கேட்டு அவங்களை ஒன்றா உட்கார வைச்சு ஏதும் நடந்திட்டா? கல்யாண வீட்டுக் கதையை எல்லாம் துப்பாக்கி இருக்கிற ஊருக்கு எழுதினேனே. எனக்கென்ன தெரியும்? பாலம் போகட்டும். ஒரே ஒரு வரி எழுதுங்க. பேரை மட்டும் எழுதினாலும் போதும்.

இல்மா

*

ஆற்றங்கரை முகாம்
28 ஏப்ரல் 2026

இல்மா!

மழை வந்திட்டு. பாலம் நிக்கிது!

நான் சுகம். ஓடுபாதை சேறாகிட்டு, அதனாலதான் போன கிழமை விமானம் இறங்கல்ல, நாளைக்கு வருதாம். முதல்ல இருந்து சொல்லுறேன், கேளு.

உன் கடிதத்தை வாசிச்சதும் கோபம்தான் வந்திச்சு. பிறகு டெங்கிட்டப் போய், "வீட்டில எப்படிச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "எல்லாரும் ஒரே தட்டில. தனித்தட்டு தந்தது நீ. உங்கட நாட்டில ஆளுக்கு ஆள் பயமாக்கும் என்று நினைச்சோம்."

அன்றைக்கே மேற்குக் கரைக் குசினியை மூடினேன். வெல்டிங்காரன் மிச்சத் தகட்டில பெரிய தட்டுகள் அடிச்சுத் தந்தான். ஆற்று நடுவில மணல் திட்டில பாய் விரிச்சோம். முதல் நாள் தோல்வி. ஒரு தட்டுக்கு அந்தப் பக்கம் மூணு பேர், இந்தப் பக்கம் மூணு பேர், தங்கட தங்கட ஓரத்தை மட்டும் தின்றாங்க. நடுவில சோறு மதில் மாதிரி நின்றுச்சு. பயத்தில இறைச்சியை நானே பங்கு வைச்சிட்டேன், நீ வேணாம் என்று எழுதியும்.

அடுத்த நாள் ஒதுங்கி நின்றேன். லாம் ஆட்டிறைச்சியைப் பிய்ச்சு டெங் முன்னால வைச்சான்.

டெங் அதைத் தூக்கிப் பார்த்தான். "உங்க பக்கத்து ஆடு இவ்வளவு மெலிவா?"

"நீங்க ஓட்டிக்கிட்டுப் போனது போக மிச்சம் இதுதான்."

எல்லாக் கையும் தட்டிலயே நின்றுச்சு.

டெங் மெதுவா மென்றான். "நாங்க ஓட்டிக்கிட்டுப் போன கொழுத்ததெல்லாம் நல்ல ருசிதான்" என்றான்.

முதல்ல சிரிச்சது லாம். பிறகு அந்தத் திட்டே சிரிச்சுது, இல்மா. நான் மட்டும் அழுதேன்.

அடுத்த நாள் விடியக்காலை இரண்டு பேரும் ஒரே பலகையில. லாம் போல்ட்டைப் பிடிச்சான், டெங் முறுக்கினான். "கையை எடுடா, நசுங்கிடும்!" என்று டெங் கத்தினான். அந்தச் சத்தத்திலயே எனக்கு விளங்கிட்டு, நாங்க வென்றிட்டோம் என்று. பூட்டி இரண்டாம் நாள் இராத்திரி மழை கொட்டிச்சு. மணல் திட்டும் தற்காலிகக் கால்களும் போயிட்டு. பாலம் அசையல்ல.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்டி அதிகாரிக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம். பிள்ளையை முதுகில கட்டின ஒரு பொம்பளை ரிப்பனுக்குக் கீழ குனிஞ்சு கிளினிக் பக்கம் நடந்து போயிட்டா. பாலத்தைத் திரும்பியும் பார்க்கல்ல. உன் பஸ்ஸை நினைச்சேன்.

இப்ப புதுச் சண்டை, தட்டுகள் எந்தக் கரைக்கு என்று. உனக்கு ஒன்று கொண்டு வரலாம் என்று பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒன்றா சேர்ந்து என்னை விரட்டுறாங்க.

மே நடுவில வாறேன், இன்ஷா அல்லாஹ்.

அரூஸ்

*

அக்குறணை
5 மே 2026

அன்புள்ள மச்சான்,

அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். உங்கட கடிதத்தை உம்மாக்கு வாசிச்சுக் காட்டினேன். உம்மா மதிலுக்கு மேலால சகீனா மாமிக்குக் கத்திச் சொன்னாங்க. பின்னேரத்துக்குள்ள அக்குறணை பஸார் முழுக்கத் தெரியும். எங்கட சகீனா மாமி கோழி பிய்ச்சதாலதான் ஆப்பிரிக்காவில பாலம் எழும்பிச்சாம்.

தட்டை விட்டுட்டு வாங்க. அவங்க அதுக்குச் சண்டை பிடிக்கட்டும், அது நல்ல சண்டை.

சாஹுல் ஹமீது மாமாவுக்கு நானே பதில் சொல்லிட்டேன். "அவர் ஆணி விற்கப் பிறந்தவர் இல்ல மாமா, கடைக்கு உங்கட மகன் ஃபாஸிலை வையுங்க" என்றேன். மாமா, "அப்ப அடுத்த பாலம் எங்க மகள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனா கையெழுத்துப் போட முந்தி நீங்க எனக்குக் காட்டணும். எத்தனை குசினி என்று நான் பார்க்கணும்.

நீங்க வாற அன்று உம்மாட பெரிய சஹனை எடுக்கிறோம். உம்மா, சகீனா மாமி, உங்கட உம்மா, வாப்பா, நான், நீங்க. நுஹா உங்கட மடியில. புது ஆள் என்று முதல்ல அழுவா, பயப்படாதீங்க, கையில ஒரு எலும்பைக் கொடுங்க, சரியாகிடும்.

நுஹா பிறந்த அன்று நீங்க இல்லாத அந்தக் கோபத்தைப் பற்றியும் ஒன்று சொல்லணும். கோழியை என்ட கைப் பக்கம் வைக்கச் சொல்லியிருக்கேன். உங்களுக்கு நான்தான் பிய்ச்சு வைப்பேன்.

உங்கட
இல்மா