வெள்ளைக் கிண்ணத்தின் பக்கத்தில் அப்பா

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அங்கே குளிர் குறைந்ததா? சூளைப் பக்கம் போகும்போது முடியை இறுக்கிக் கட்டிக்கொள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நேற்று உன் ஜாடி வைத்திருக்கும் கண்காட்சிக்குப் போனேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. எங்கள் தொழிற்சாலை ஃபோர்மேனைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் உன் பெருமைதான் பேசினேன். உள்ளே பல நாட்டுக் கலைஞர்கள் செய்த பீங்கான், சுடுமண் வேலைகள். நுழைந்ததுமே உன் ஜாடி. ஆள் உயரம், பூச்சு கிடையாது, அடியிலிருந்து வாய்வரை விரிசல். முப்பது வருடமாக வாஷ்பேசினைத் தட்டிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்கித் தள்ளுகிறவன் நான். ஃபோர்மேன் சிரித்துவிட்டார். "இது நம்ம லைன்ல வந்திருந்தா நீங்களே உடைச்சுப் போட்டிருப்பீங்க" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன், கண்ணு.

உங்க பொண்ணோடது எது என்று கேட்டார். எதிரே இருந்த வெள்ளைக் கிண்ணத்தைக் காட்டிவிட்டேன். காகிதம்போல மெல்லிசு. வேறு ஏதோ நாட்டுப் பெண் செய்தது. அதன் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்து, தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வாழ்த்து குவிந்தது. வீட்டில் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "இது அவ செஞ்சது இல்லையே" என்றாள். போனை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்று தனியாகப் போனேன். ஜாடியைச் சுற்றிவந்து பார்த்தேன். ஒவ்வொரு விரிசலின் ஓரத்தையும் வழவழப்பாக்கியிருக்கிறாய். தானாக வெடித்தது அப்படி இருக்காது. நேற்று இதைக்கூடப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. கிட்டே போனதும் காவலுக்கு நின்ற பெண் தொடக்கூடாது என்றார். என் பொண்ணு செஞ்சது என்றேன். "நேத்து அந்தக் கிண்ணத்தைச் சொன்னீங்களே சார், உங்களுக்கு எத்தனை பொண்ணு?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஒண்ணுதான்மா என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரையே ஜாடியோடு ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னேன். "நேற்று சொன்னது பொய். என் மகள் செய்தது இதுதான்" என்று எழுதிக் குழுவில் போட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள், ஒருவரும் பதில் போடவில்லை. நாளைக்கு ஃபோர்மேன் முகத்தில் எப்படி விழிப்பேனோ.

அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் வழக்கம்போல அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். விடாதே. அப்பாகிட்ட குடு என்று கேட்டு வாங்கு.

நீ நன்றாக இருக்கவேண்டும்.

அப்பா