தூக்குவாளியில் சர்க்கரை

அன்புள்ள அக்கா,

இன்று காலை என் தூக்குவாளி திரும்பி வந்தது. மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நம்மூர்ப் பெண்ணுக்கு அதில் சாம்பார் கொடுத்திருந்தேன். அவள் புருஷன்தான் கொண்டுவந்து நீட்டிவிட்டு, சிரித்தபடி வேலைக்குப் போனான். திறந்தால் உள்ளே சர்க்கரை. உங்கள் ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். பிராங்பேர்ட்டில் தமிழ்ப் பேச்சு கேட்க, நம்மவர்கள் யார் வீட்டிலாவது கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ். நான் ஓர் இன்ஜினியரின் மனைவி, மூன்று வயது மகளுக்குத் தாய். என் கையில் கன்றியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், நீங்கள் மட்டும்தான் கேட்டீர்கள்.

"ஏட்டி, குழம்பு குடுத்து விடுதேன். உம் புருஷன் ஆஸ்பத்திரி வழியாத்தான வேலைக்குப் போறான், தூக்கை அவன் கையிலயே திருப்பி அனுப்பு. அடிச்சான்னா உள்ள ஒண்ணும் வைக்காத. வெறும் தூக்கா வந்தா நான் வந்துருவேன்."

வீட்டில் போன் கிடையாது. அடிக்கிறவரையே தபால்காரர் ஆக்கிய சாமர்த்தியசாலி நீங்கள்!

ஒரு நாள் அவர் அடித்ததில் உதடு கிழிந்தது. மறுநாள் காலை தூக்கைக் கழுவித் துடைத்தேன். பாழாய்ப்போன பழக்கம், வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை. இரண்டு பிடி சர்க்கரை போட்டு மூடிக் கொடுத்துவிட்டேன். அவர் டிராம் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் அவர் குழந்தை மேலும் கை வைத்தார். அவளைத் தூக்கிக்கொண்டு பனியில் நடந்தே உங்களிடம் வந்தேன்.

சர்க்கரைக் கதையைக் கேட்டு, "மரியாதை தெரிஞ்ச கழுதை" என்று திட்டினீர்கள். பிறகு அழுதீர்கள். "தப்பு எம்மேலதான். நம்ம பொம்பளை எவட்டி வெறும் பாத்திரம் தருவா? சர்க்கரை வந்தாலும் நான் வந்து பாத்திருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிலர், "அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க" என்றார்கள். அதற்கப்புறம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு நீங்கள் போகவே இல்லை. நீங்கள் நான்கு நர்ஸுகள் இருந்த இரண்டு அறை வீட்டில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. ஷிஃப்ட் மாற்றி மாற்றி மகளைப் பார்த்துக்கொண்டீர்கள். கதவை அடித்துச் சாத்தினால் அவள் மேசைக்கடியில் ஒளிந்துகொள்வாள். அதனால் ஐந்து பேரும் கைப்பிடியை அழுத்திப் பிடித்து, சத்தமில்லாமல் சாத்தக் கற்றுக்கொண்டோம். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, ஏதோ கோபத்தில் அவளே கதவைப் படாரென்று அறைந்துவிட்டு ஓடினாள். நீங்கள் நால்வரும் கைதட்டினீர்கள். எனக்கு ஆற அதைவிட நாளானது.

இன்றும் கதவை மெதுவாகத்தான் சாத்துகிறேன், அக்கா. மேல்மாடிப் பெண்ணிடம் நீங்கள் சொன்னதையே சொல்லித்தான் தூக்கைக் கொடுத்தேன். நேற்று மேலே ஏதோ விழுந்த சத்தம், அதன்பின் குழந்தையின் அழுகை. இன்று சர்க்கரை வந்திருக்கிறது. வெறும் மரியாதையாகவும் இருக்கலாம்.

செருப்பை மாட்டிவிட்டேன். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.